காலையில் யார் ஸ்டார்ட் பண்றது?

19/1 திங்கள்

பனி. எதிர் வேலி தெரியவில்லை. பொங்கல் லீவு முடிந்து இன்றுதான் பள்ளிக்கூடம். நான் வண்டியில் ஏற்றிப் போகும் டீச்சர்கள் மூன்று பேரும் 8.15-க்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். வண்டி ஐந்து நாளாகச் சும்மா நிற்கிறது.

ஐந்தரைக்குக் கோலமாவோடு குனிந்திருக்கிறேன். பின்னால் உர்ர்ர்ர் என்று ஒரு கத்தல். திரும்பிப் பார்ப்பதற்குள் புகை. இவர்தான். டிரைவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆக்சிலேட்டரை அமுக்குகிறார், விடுகிறார், அமுக்குகிறார். புகைக்குழாய்க்கு நேராகத்தான் என் கோலம். பாதிக்கோலம் கறுப்பு.

"யோவ், இன்னாத்துக்கு இந்தப் போடு போட்ற?"

"ஏர் ஏறணும் மே. ஏர் ஏறாம எட்த்தா பிரேக் புட்க்காது."

இருபத்திரண்டு வருஷம் லாரி. லாரியில் பிரேக் காற்றில் வேலை செய்யும். ராத்திரியில் காற்று இறங்கிவிடும், காலையில் ரேஸ் கொடுத்துக் கொடுத்து ஏற்ற வேண்டும், மீட்டர் முள் மேலே வந்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம். அது லாரி. இது கார். இதில் ஏர் பிரேக்கே கிடையாது. நூறு தடவை சொல்லியாகிவிட்டது. "இன்ஜின்னா இன்ஜின்தான்" என்பார். சர்க்கரை இவர் கண்ணைத் தின்று இரண்டு வருஷம். இப்போது வெளிச்சம் தெரியும், ஆள் அசைந்தால் நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான். லைசென்ஸ் பீரோவில் தூங்குகிறது. நாற்பத்து மூன்று வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். காலையில் சாவி போடுவது மட்டும் இவருடையது. ஆணியில் இருக்கும் சாவியைத் தடவி எடுப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு போவார், நியூட்ரல் பார்ப்பார், ஹேண்ட் பிரேக் பார்ப்பார். ஒரு அங்குலம்கூட நகர்த்த மாட்டார். அதெல்லாம் சுத்தம். ஆனால் அந்தக் கால்!

ஆயில் கம்பி பார்த்தேன். மறுபடி கீழ்க்கோட்டுக்கும் கீழே. போன மாதம்தானே ஊற்றினேன்.

வாங்க: ஆயில். கோலமாவு. இவருக்கு மாத்திரை (சின்ன வெள்ளை).

ஜெயந்தி டீச்சர் ஏறும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்ன சரசக்கா, கொசு மருந்து வண்டி மாதிரி வர்றீங்க?" சிரித்து வைத்தேன்.

20/1 செவ்வாய்

பனி குறைவு. டீச்சர்களை மானாம்பதி பள்ளியில் இறக்கிவிட்டு நேராக பாஷா பாய் பட்டறை. உத்திரமேரூரில் நான் நம்பும் ஒரே மெக்கானிக்.

பானெட்டைத் திறந்தார். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிவிட்டு இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். அங்கிருந்தும் புகை. முகம் மாறியது.

"காலைல யாரும்மா ஸ்டார்ட் பண்றது?"

"நான்தான் பாய்."

ஏன் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது.

"மிதிக்கிற போல கீது."

தலையாட்டினேன். திட்டு முழுவதும் எனக்கு.

"ராத்திரி பூரா ஆயிலு கீய எறங்கி சேம்பர்ல குந்திக்கினு கீதும்மா. சாவி போட்டதும் பம்பு அத்த மேல தூக்கினு போவணும். அது போய் சேர்றதுக்குள்ள மிதிச்சினா, காஞ்ச சட்டில கரண்டிய போட்டு தேய்க்கிறா மாரி. ஓட்றதுல தேயறத வுட அந்த ஒரு நிமிசத்துலதான் தேயும்."

இரண்டு கோட்டுக்கும் நடுவரை ஆயில் ஊற்றினார். அங்கேயே அந்த டப்பா அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்:

– சாவியை முதல் திருப்பில் நிறுத்து. சுருள் மாதிரி எரியும் ஹீட்டர் லைட் அணைந்த பிறகு ஸ்டார்ட்.
– ஏசி, ஃபேன், ஹெட்லைட் எல்லாம் அப்புறம்.
– கிளட்ச் மிதி. ஆக்சிலேட்டரில் காலே வைக்காதே. (இதை இரண்டு தடவை சொன்னார்.)
– ஆயில் லைட் அணையணும். டக் டக் சத்தம் அடங்கணும். அரை நிமிஷம் போதும். அதற்காகப் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் தப்பு.
– முதல் மூணு நாலு கிலோமீட்டர் மெதுவா. இன்ஜின் சூடாகிறவரை விரட்டாதே.
– சும்மா சும்மா போட்டு அணைக்காதே.
– ஆயில் வாரம் ஒரு தடவை பார்.

"இப்டியே போனா இன்ஜின எறக்கணும். இந்த வயசுல இத்த எறக்கினா ஏத்த முடியாது. பாத்து வெச்சிக்கினா ரெண்டு மூணு வர்சம் ஓடும். அவ்ளோதான் என்னால சொல்ல முடியும்."

வழியெல்லாம் அதே நினைப்பு. வண்டி நின்றால் டீச்சர் ட்ரிப் நிற்கும். ட்ரிப் நின்றால் நான் பழையபடி கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போக வேண்டும். காலை நாலரைக்குப் போனால் சாயந்திரம்தான் வீடு. இவரை யார் பார்ப்பது? போன வருஷம் அப்படிப் போன ஒரு மாதத்தில்தான் அடுப்பைத் தடவி இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டார். பெண் சுதா செங்கல்பட்டில் நர்சிங் இரண்டாம் வருஷம். அவளைப் படிப்பை நிறுத்திவிட்டு வா என்று சொல்ல என் நாக்கு வராது.

ஆகமொத்தம் எல்லாம் இவர் வலது காலில் இருக்கிறது.

சாப்பிடும்போது பக்குவமாகச் சொன்னேன். பாதியில் தட்டைத் தள்ளிவிட்டார்.

"பாசா சைக்கிளுக்கு பஞ்சர் ஒட்டிக்கினு இருந்தப்போ நான் கல்கத்தா லோடு அட்ச்சிக்கினு இருந்தேன். அவன் எனுக்கு சொல்லித் தர்றானா?"

நானும் தட்டைத் தள்ளினேன். கருவாட்டுக் குழம்பு. நாய்க்கு யோகம்.

21/1 புதன்

வெயில் சீக்கிரம் வந்தது.

ராத்திரியே சமாதானம் பேசி, காலையில் பக்கத்து சீட்டில் நானும் உட்கார்ந்தேன். "மிதிக்க மாட்டேன் மே, போதுமா?" என்று சத்தியமே செய்தார். சாவி போட்டார். ஸ்டார்ட் ஆன அந்த நொடியே கால் போய் உட்கார்ந்துவிட்டது. உர்ர்ர்ர்.

"யோவ்!"

"இன்னா? நான் இன்னா பண்ணேன்?"

உண்மையிலேயே தெரியவில்லை. கால் தன் பாட்டுக்குப் போகிறது. கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது, இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் கதவை அறைந்துவிட்டு இறங்கினேன். கதவு என்ன செய்தது.

ரோட்டில் பாதிக்கு நெல் காயப்போட்டிருக்கிறார்கள். ஓரமாக மெதுவாகப் போனேன். நெல் தள்ளிக்கொண்டிருந்த ரெண்டு ஆள், என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

"இன்னாடா இந்தப் பொக பொகையுது?"

"பொம்பள ஓட்ற வண்டி. அப்டித்தான் இருக்கும்."

வண்டியை நிறுத்தி இறங்கி நாலு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது, புகைக்குக் காரணம் என் புருஷன் என்றா? பாயிடமும் என் தலையில்தான் போட்டுக்கொண்டேன், இவர்களிடமும் என் தலையில்தான். நான் ஒருநாளும் வண்டியை விரட்டினதில்லை. அது ஒருத்தருக்கும் தெரியாது.

தீர்மானம்: நாளை முதல் சாவி ஆணியில் இருக்காது.

22/1 வியாழன்

சாவி ரவை டப்பாவில்.

ஐந்தரை. படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தார். ஆணியைத் தடவினார். கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து தரையைத் தடவினார். ஜன்னல் கட்டையைத் தடவினார். மறுபடி ஆணி. என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. வெளியே போய் டிரைவர் சீட்டில் சாவி இல்லாமலே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வந்து படுத்துவிட்டார்.

ஏழரைக்கு நான் பாய் சொன்னபடி ஸ்டார்ட் செய்தேன். ஹீட்டர் லைட், கிளட்ச், வலது காலைத் தூக்கி வைத்தேன். புகை கொஞ்சம்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். படவில்லை.

நாஷ்டா இறங்கவில்லை அவருக்கு. மத்தியானமும் இரண்டு வாய்தான். மாத்திரை மட்டும் போட்டார். பேச்சே இல்லை. சாயந்திரம் வந்து பார்த்தால் வாசலில் ஈரம், பக்கெட், துணி. தடவித் தடவி வண்டி கழுவ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். வண்டியைத்தான் நான் மானாம்பதிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேனே.

என்னமோ திருடினவள் மாதிரி இருக்கிறது. என் வண்டிதான், என் வீட்டு ரவை டப்பாதான். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்னை?

சுதா போன் செய்தாள். "அப்பா ஏம்மா பேச மாட்டேன்றாரு?" வாய்ப்புண் என்றேன். இந்த வாரம் பொய்க்கு மேல் பொய்.

23/1 வெள்ளி

மூட்டம். வெள்ளிக்கிழமை என்பதால் வண்டிக்குக் கற்பூரம் காட்டினேன். அதுவும் இவர் செய்வதுதான். இன்று வரவில்லை.

அறுவடை மெஷின் பக்கத்து வயலுக்கு வந்தது. வழியை மறிக்கிறது என்று வண்டியைப் பின்னால் எடுத்தேன், அப்புறம் முன்னால் எடுத்தேன். ரேஷனில் பருப்பு போடுகிறார்கள் என்று ஓடினேன். வெயில் ஏறியது, வண்டியை நிழலுக்கு மாற்றினேன். சரியான அலைச்சல்.

சாயந்திரம் டீச்சர்களை விட்டுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். கட்டிலிலிருந்து குரல். இரண்டு நாளில் முதல் பேச்சு.

"ஆறு வாட்டி."

"இன்னா ஆறு?"

"வூட்டாண்ட மட்டும் ஆறு வாட்டி போட்ட. நானு ஒரு வாட்டிதான் போட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. விரல் விட்டு எண்ணினேன். காலை. மெஷினுக்கு இரண்டு. ரேஷன் (நடந்தே போகலாம், கூப்பிடு தூரம்). நிழல். சாயந்திரம். ஆறு சரி. வெளியே: ஜெயந்தி டீச்சர் வரத் தாமதம் என்று அணைத்துப் போட்டது, பள்ளியில் இரண்டு தடவை, ரேஷன் கடையிலிருந்து திரும்ப. மொத்தம் பத்து. இதில் பாதி, இன்ஜின் சூடாகக்கூட இல்லாமல் அணைத்தது. பாய் சொன்னதில் கடைசிக்கு முந்தினது: சும்மா சும்மா போட்டு அணைக்காதே. என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அவர் மீது சொன்ன குற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். மிதிப்பது மிதிப்பதுதான். ஆனால் படுத்த இடத்திலேயே எண்ணிக்கொண்டிருந்த மனுஷனை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

24/1 சனி

காஞ்சிபுரம். கண் ஆஸ்பத்திரி. மாத ஊசி நாள்.

வழியில் ஒரே ஒரு பேச்சு. "மூணாவுதுல முக்குது. ரெண்டுக்கு எறக்கு." இறக்கினேன். முக்கல் நின்றது.

டோக்கன் 41. இட்லி கட்டிக்கொண்டு போனது நல்லது.

டாக்டர் அம்மா புதுசு, சின்ன வயது. வெகு நேரம் விளக்கடித்துப் பார்த்தார். ஊசி வேண்டாம் என்றார். நான் முதலில் சந்தோஷப்பட்டேன், குணமாகிவிட்டது என்று. அப்புறம்தான் புரிந்தது. நரம்பே போய்விட்டதாம். இனிமேல் ஊசி போட்டுப் பிரயோஜனமில்லையாம்.

இவர் கேட்டார்: "வெளிச்சம் தெர்தேம்மா, அது இருக்குமா?"

"சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வையுங்க. பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

பார்க்கலாம். இந்த ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் போடணும்.

திரும்பி வரும்போது இவர் ஜன்னல் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கியர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றில் முக்கவிட்டே ஒரு மேடு ஏறினேன், வேண்டுமென்றே. அப்போதும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியை ரவை டப்பாவிலிருந்து... இல்லை, கையில்தான் இருந்தது. ஆணியில் மாட்டினேன். ஓசை கேட்கட்டும் என்று இரண்டு தடவை மாட்டினேன்.

25/1 ஞாயிறு

பனி. இவர் ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. சாவி ஆணியிலேயே.

"இன்னா, வண்டி போட்ல?"

"நீயே போட்டுக்கோ. நமக்கு இன்னாத்துக்கு."

அந்த "நமக்கு" என்னை என்னமோ செய்துவிட்டது. கத்திவிட்டேன். "அப்போ இன்னாத்துக்கு வியாயக்கெயம தரையெல்லாம் தடவுன? நான் பாத்துக்கினுதான் இருந்தேன்!" சொல்லியிருக்கக் கூடாது. தெரியும். பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதை அவருக்குத் தெரியாமலே வைத்திருக்கலாம். முகம் சுருங்கிவிட்டது. போர்வையை இழுத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அம்சா வேலி ஓரம் வந்து, "இன்னாக்கா, நாலு நாளா உங்கூட்டு வண்டி கத்தல? எனுக்கு மணியே தெரிய மாட்டேன்து, தெனம் லேட்டு" என்றாள். அவளுக்கு அலாரமாம். இரண்டு வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

துணி துவைத்தேன். ஆயில் பார்த்தேன்: இரண்டு கோட்டுக்கும் நடுவில். அப்படியே நிற்கிறது. பாய் சொன்னது சரி.

வண்டி பிழைத்துக்கொள்ளும் போல. மனுஷன்தான் படுத்துவிட்டார். எதைக் காப்பாற்ற எதைப் பிடுங்கினேன் என்றே தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். சோறு குழைந்துவிட்டது.

நாளை கொடியேற்றம். டீச்சர்கள் 7.10-க்கே நிற்பார்கள். அலாரம் 5.00.

26/1 திங்கள்

அலாரம் அடிக்கவில்லை. அடித்து நான் அணைத்திருக்கலாம். கண் விழித்தபோது 6.35. வெளியே ஒரே வெள்ளை.

கோலம் இல்லை, காபி இல்லை. தலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் சாவியைத் திருப்பினேன். ஹீட்டர் லைட்டாவது ஒன்றாவது. உறுமிவிட்டு நின்றுபோனது. மறுபடி திருப்பினேன். பிடித்தது. எங்கே மறுபடி நின்றுவிடுமோ என்று மிதித்தேன் பாருங்கள், நான், பாய் சொன்னதையெல்லாம் அழகாக எழுதி வைத்த நான்...

"கால எடுமே!"

வீட்டுக்குள்ளிருந்து. அப்படி ஒரு குரலை இரண்டு வருஷமாகக் கேட்டதில்லை.

"எண்ண இன்னும் மேல வர்ல! டக்கு டக்குன்னு அட்ச்சிக்கிது, காது கேக்ல உனுக்கு? நிறுத்து!"

அணைத்தேன். லுங்கியோடு, செருப்பில்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். "எறங்கு" என்றார். எனக்கு ஆத்திரம்.

"நீ மட்டும் மிதிக்கலாமா?"

"எறங்குன்றேன்ல."

"மிதிச்சினா அப்புறம் நான்..."

"மிதிக்கிற கால உள்ள வெச்சாதான?"

சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலையும் கதவுக்கு வெளியே, தரையில் ஊன்றிக்கொண்டார். உடம்பை மட்டும் திருப்பி சாவியைப் பிடித்தார். நான் அவரைத் தாண்டிக் கையை விட்டு நியூட்ரல் ஆட்டிப் பார்த்தேன். சாவியை முதல் திருப்பில் நிறுத்தினார்.

"ஹீட்டர் லைட்டு?"

"எரிது."

"அணஞ்சா சொல்லு."

"...அணஞ்சிச்சி."

திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. டக் டக் டக் என்று மேலே அடித்தது. இப்போது எனக்கும் கேட்டது, இத்தனை நாள் எப்படிக் கேட்காமல் போனது? தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி 6.50.

கீழே பார்த்தேன். ஈர மண்ணில் அவருடைய வலது கால். பெருவிரலால் மண்ணை அமுக்கியது, விட்டது, அமுக்கியது, விட்டது. அந்த இடத்தில் சின்னதாகப் பள்ளமே விழுந்துவிட்டது. இன்ஜின் தன் பாட்டுக்கு நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

டக் டக் அடங்கியது. கால் நின்றது.

"ஏர் ஏறிச்சி மே. எடு" என்றார்.

"ஏறிச்சி" என்றேன்.